எடைக்குத் தக்க மருந்து

அந்தக் கட்டிடத்தில் அவரை எல்லோரும் ‘பங்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது கீழ்வீட்டுத் தையல்காரர். எண்ணெயை டின்னாக வாங்கினால் மலிவு, அரிசியை மூட்டையாக வாங்கினால் மலிவு, சோப்பைப் பெட்டியாக வாங்கினால் மலிவு என்று மூன்று வீடுகளைக் கூட்டுச் சேர்த்தவர் இவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படித் திருப்பத்தில் தராசோடு உட்கார்ந்துவிடுவார். ஆளுக்கு ஒரு பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். சிந்தாமல் சிதறாமல், ஒருவருக்குக் கூட ஒருவருக்குக் குறைய என்று பேச்சு வராமல் பிரித்துக் கொடுப்பார். கடைசிச் சொட்டு டின்னின் மூலையில் தங்கினால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வடியட்டும், அவசரம் என்ன?” என்பார்.

“பங்கண்ணே, அந்தச் சொட்டையும் மூணாப் பிரிப்பீங்களா?” என்று மாடியில் குடியிருந்த பழைய பஸ் கண்டக்டர் கேட்பார்.

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் சார். நீங்க சில்லறை குடுக்காம ஏமாத்தின காலம் மாதிரி இல்ல இது.”

படி முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

அளப்பது அவருக்குப் பிழைப்பு. லாரி எடை போடும் மேடையில் வேலை. சரக்கோடு வரும் லாரியை மேடையில் ஏற்றுவார். சரக்கை இறக்கிவிட்டு வரும்போது மறுபடி ஏற்றுவார். கழித்துச் சீட்டுக் கொடுப்பார். டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்தும் பார்த்தார்கள், கத்தியும் பார்த்தார்கள். முள் நின்ற இடம்தான் கணக்கு. ‘எடை பொய் சொல்லாது’ என்பது அவர் நாக்கிலேயே இருந்த வாக்கியம். அதை நம்பித்தான் அவர் வாழ்ந்தார்.

வீட்டிலும் அதே சீர்தான். பற்பசைக் குழாயை நசுக்கி முடிந்தபின் கத்தரியால் வெட்டி உள்ளே வழித்துப் பத்து நாள் ஓட்டுவார். கிழிந்த துண்டை நாலாக வெட்டிக் கைத்துடைப்பான் ஆக்குவார். பாத்திரம் கழுவும் திரவத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலப்பார். அது குறைந்ததும் இன்னும் கொஞ்சம் கலப்பார். வெந்நீர் ஹீட்டரின் சுவிட்சை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஆபரேஷனுக்குத்தான் சேர்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த அம்மாள் தெருவைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. தங்கை மகள் கல்யாணத்துக்கே இறங்கவில்லை. இரண்டு அறை, ஒரு பால்கனி, ஒரு பூனை: அவள் உலகம் அவ்வளவுதான்.

பூனைக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். எந்த வேலையும் செய்யாமல், வேலை செய்பவர்களை உட்கார்ந்து முறைத்துப் பார்ப்பதால் வந்த பெயர். பால்கனி வழியாக ஒரு மழை நாளில் வந்தது, போகவில்லை. முதலில் இவர்தான் முணுமுணுத்தார். “இன்னொரு வாய்.”

“உங்க பங்குல குடுக்க வேணாம். என் பங்குல குடுத்துக்கறேன்” என்றாள் அவள். பிறகு பார்த்தால், இவரே மீன் கடையில் தலையும் வாலும் சும்மா கேட்டு வாங்கி, வேகவைத்து, டப்பாக்களில் நாள்வாரியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்திருந்தார். பூனையின் கழிவுப் பெட்டிக்குக் கடை மண் வாங்காமல், தச்சுப்பட்டறையில் மரத்தூள் கேட்டு வாங்கிச் சலித்துப் போட்டார். “மேனேஜருக்குச் சம்பளம் இல்ல, படி மட்டும்தான்” என்று தையல்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

வெயில் ஏறியதும் உண்ணி வந்தது. தையல்காரர் வீட்டில் கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாய். கண்டக்டர் வீட்டில் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று. இரண்டும் சொறிந்து சொறிந்து படியெல்லாம் முடி. பூனைக்கும் கழுத்தில் தெள்ளுப்பூச்சி. மூன்று வீட்டாரும் பேசி, வழக்கம்போல் பொறுப்பைப் பங்கிடம் விட்டார்கள்.

செல்லப்பிராணி மருந்துக் கடையில் அவர் அலமாரியைக் கண்ணால் ஒரு சுற்று மேய்ந்தார். முதுகில் சொட்டு விடும் மருந்து. பெரிய நாய்க்கு ஒரு குழாய், சின்ன நாய்க்கு ஒரு குழாய், பூனைக்கு ஒரு குழாய். பூனைக் குழாயில் இருந்தது சுண்டுவிரல் நகம் அளவு மருந்து. விலை மட்டும் ஏறக்குறையப் பெரிய நாய்க் குழாயின் விலை. அவருக்குள் சிரிப்பு வந்தது. ஒரே மாவு, தோசை சைஸ் மட்டும் வேறு, யாரை ஏமாற்றுகிறான்!

“பெரிய நாய்க்குள்ளது ஒண்ணு குடுங்க.”

“டப்பாவா வாங்கினா மூணு இருக்கும் சார்.”

“உதிரியா?”

“உதிரியா ஒண்ணு தரலாம். டப்பா, உள்ள இருக்கற தாள் எல்லாம் வராது. நாய்க்குத்தானே?”

ஒரு நொடி அவர் யோசித்தார். பூனையும் இருக்கிறது என்று சொன்னால், நகமளவுக் குழாயை இவன் நம் தலையில் கட்டிவிடுவான். “ஆமா, நாய்க்குத்தான்” என்றார். அதில் பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படித் திருப்பத்தில் எண்ணெய்க்குப் பதில் மருந்து. குளியலறை எடைமேடையைக் கொண்டுவந்து வைத்தார். தையல்காரரை நாயைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னார்; பிறகு நாயை இறக்கிவிட்டு ஏறச் சொன்னார்; கழித்தார்.

“லாரியும் டிரைவரும் மாதிரி நிக்க வெச்சுட்டீங்களே அண்ணே.”

“லாரியாவது ஆடாம நிக்கும்.”

கண்டக்டர் பஞ்சு உருண்டையோடு ஏறினார், இறங்கினார். கடைசியாக மேனேஜரைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறினார். ஊசி இல்லாத சிரிஞ்சால் குழாயிலிருந்து மருந்தை உறிஞ்சி, எடைக்குத் தக்கபடி, கோடு பார்த்துப் பிரித்தார். பூனை பங்குக்கு வந்தது சில சொட்டு.

மேலே கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள். “நாய் மருந்து பூனைக்கு ஆகுமாங்க?”

“உண்ணிக்கு அது நாய்னு தெரியுமா, பூனைனு தெரியுமா? எடைக்குத் தக்கத்தான் விடறேன். நீ பிடிச்சுக்க.”

பூனையை மேலே கொண்டுபோய் மடியில் வைத்தார்; அவள் பிடித்துக்கொண்டாள். அவர் பிடரி முடியை விலக்கிச் சொட்டினார். அளவில் ஒரு தப்பும் இல்லை.

வெயில் தாழ்ந்தபோது பூனையின் காது துடித்தது. ஈ உட்கார்ந்தது போல ஒரு துடிப்பு. பிறகு முகம் துடித்தது. எழுந்து நாலு அடி வைத்ததும் பின்கால் இழுத்துக்கொண்டது. அவள் தரையில் உட்கார முடியாதவள். எப்படி உட்கார்ந்தாளோ, பூனையை மடியில் போட்டிருந்தாள். அதன் உடம்பு முழுக்கத் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது? என்னங்க பண்ணுது?”

அவர் பிராணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் டாக்டரம்மா. மருந்தின் பெயரைக் கேட்டதும் குரல் உயர்ந்தது.

“நாய் மருந்தை ஏன் சார் பூனைக்குப் போட்டீங்க? அது பூனைக்கு விஷம். ஒரு சொட்டே அதிகம்.”

“எடை பாத்துத்தாங்க போட்டேன்...”

“எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதோட ஈரலால இதை உடைக்க முடியாது. உடனே வெதுவெதுப்பான தண்ணியில, பாத்திரம் கழுவற திரவம் போட்டு நல்லாக் கழுவுங்க. துடைச்சு, துணியில சுத்திக் கொண்டாங்க. உடனே!”

உடனே என்றால் எப்படி? ஹீட்டர் அணைந்து கிடந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தார். பாட்டிலைப் பூனை மேல் கவிழ்த்துத் தேய்த்தார். நுரை வரவில்லை. மறுபடி ஊற்றினார். வந்தது வெறும் நீலத் தண்ணீர். எத்தனை தரம் கலந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. பிடரியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நின்றது.

“கடைக்கு ஓடுங்க!” என்றாள் அவள். அந்த வயதில் மூன்று மாடி இறங்கி ஓடி, தெருமுனைக் கடையில் புதுப் பாட்டில் வாங்கி, மூச்சு இரைக்க மேலே வந்தார். இந்தத் தடவை நுரை பொங்கியது. துடைக்கப் போனால் வீட்டில் ஒரு முழுத் துண்டு இல்லை. நாலாக வெட்டியதுதான் இருந்தது. அவள் தன் போர்வையை இழுத்துச் சுற்றினாள்.

“நீ இரு. நான் கொண்டு போறேன்.”

அவள் பூனையை மார்போடு அணைத்தபடி, கைப்பிடிச் சுவரில் தோளைச் சாய்த்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். பின்னால் பூனைக்கான கூடையைத் தூக்கிக்கொண்டு இவர். தையல்காரர் வீட்டுக் கதவு திறந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதற்குச் சொறி நின்றிருந்தது.

“அம்மாவா இறங்கறது! என்னண்ணே ஆச்சு?”

“ஆட்டோ...” என்றார் அவர். தையல்காரர் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தார். ஆட்டோக்காரன் சொன்ன தொகைக்கு இவர் தலையை ஆட்டி ஏறியது, அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மறுபடி கழுவினார்கள், முன்காலில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கம்பிப் பெட்டியில் மேனேஜர் படுத்திருந்தது. வரவேற்பில் இருந்த பெண் மூன்று நாளுக்கு முன்பணம் கேட்டாள். அவர் மனைவி முகத்தைப் பார்த்தார். முழங்கால் பணம்தான், வேறு ஏது?

“குடுங்க” என்றாள் அவள்.

கொடுத்தார். கொடுத்த பிறகும் திருப்தி இல்லாமல் டாக்டரம்மா பின்னால் போனார்.

“அம்மா, இதைவிடப் பெரிய மருந்து ஏதாவது... விலையைப் பத்தி யோசிக்காதீங்க. வெளியூர்லேருந்து வரவழைக்கணும்னாலும் சரி.”

“இதுக்கு முறி மருந்துன்னு ஒண்ணு இல்ல சார். நடுக்கத்தை அடக்கலாம், உடம்பைச் சூடா வெச்சுக்கலாம். மீதி அது பாடு.”

“ரெண்டு பங்கு மருந்தாப் போட்டா?”

“சார், தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க.”

வாழ்நாளெல்லாம் விலை அதிகம் என்று பொருளைத் திரும்ப வைத்தவர் அவர். இன்று எந்த விலைக்கும் வாங்க ஆளாக நிற்கிறார், அலமாரி காலி.

மறுநாள் எடைமேடைக்குப் போனார். லாரிகள் ஏறின, இறங்கின. ஒரு டிரைவர், “என்ன பெரியவரே, சீட்டு எங்கே? முள்ளு நின்னு எவ்வளவு நேரமாச்சு” என்றான். இவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். கழித்தார். சீட்டை நீட்டினார்.

மாலை போய்ப் பார்த்தார்கள். நடுக்கம் குறைந்திருந்தது. அவள் கண்ணாடியைத் தட்டி, “மேனேஜரே!” என்றாள். கண் அசைந்தது. காது அசைந்ததாக அவர் சொன்னார். அவள் அதையும் நம்பினாள். ஆட்டோவில் வரும்போது, “சாப்பிட ஆரம்பிச்சா மீன் தலை வேணாம், நடுத்துண்டே வாங்குங்க” என்றாள். அவர் “முழு மீனே வாங்கறேன்” என்றார். அவள் அவரை வையவில்லை. முப்பது வருடமாக எதற்கெல்லாமோ வைதவள், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அடுத்த நாள் காலை போன் வந்தது. வலிப்பு திரும்பியது என்றார்கள். அவர் போய்ச் சேருவதற்குள் முடிந்திருந்தது.

போர்வையில் சுற்றிக் கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். வரவேற்புப் பெண் கூடவே கொஞ்சம் பணத்தையும் நீட்டினாள். “முன்பணத்துல பாக்கி சார். ஒண்ணரை நாள்தானே இருந்துச்சு.”

“வேணாம்மா. வெச்சுக்கங்க.”

“அப்படி வெச்சுக்க முடியாது சார். கணக்கு இடிக்கும்.”

கணக்கு இடிக்கும் என்று ஆயிரம் பேரிடம் சொன்னவர் அவர். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதில் ஓரம் தையல்காரர் குழி வெட்டினார். கண்டக்டர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசாமல் மண் தள்ளினார். இரண்டு நாய்களும் சற்றுத் தள்ளிப் படுத்து, சொறியாமல், பார்த்துக்கொண்டிருந்தன. அவள் இறங்கவில்லை. இறங்கி ஏறியதில் முழங்கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து பார்த்தாள்.

அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை படித் திருப்பத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லை. தையல்காரர் மனைவி மட்டும் ஒருநாள் கதவைத் தட்டி, “எண்ணெய் எப்பண்ணே பிரிப்பீங்க?” என்றாள். “சொல்றேம்மா” என்றார், சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஓடிப்போய் வாங்கிய அந்தப் பாட்டில், பாதி தீர்ந்திருந்தது. கை தானாக மூடியைத் திருகியது. குழாயடியில் கொண்டுபோய் நீட்டியது. தண்ணீர் விழுவதற்கு முன் அவருக்கே உறைத்தது. பாட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். விடவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

அறைக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலக்குங்க” என்றாள். “கலக்காம வெச்சிருந்தா மட்டும் வந்துடப்போகுதா?”

அவர் குழாயைத் திறந்தார்.