இரையாத அடுப்பு

பிச்சை முகம்மதுவும் மனைவி நூர்பானுவும் முப்பது வருஷம் திருவிழாத் திருவிழாவாகப் போய் மிளகாய் பஜ்ஜி போட்டவர்கள். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. தேர் நகர்வது முதுகுப் பக்கம் கேட்கும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

இந்த வருஷம் கடையை விட்டாயிற்று. பிச்சை முகம்மது, கடைச் சாமான் ஏற்றிய பழைய வேனுக்குள்ளேயே படுக்கை அடித்து, வெளிநாட்டு வேனிலிருந்து கழற்றிய சின்ன கேஸ் அடுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினார். இனி இருவருமாக வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டும். பயமில்லாமல் அதில் ஒரு டீ போட முடிந்தால்தான் வருவேன் என்று நூர்பானு சொல்லியிருந்தார்.

தேருக்கு முந்தின நாள் காலை, ராஜபாளையத்து வீட்டு வாசலில் வேன் நின்றது. அடுப்பென்றால் இரைய வேண்டும்; பிச்சை முகம்மதுவின் காது அப்படிப் பழகியது. பஜ்ஜிக் கடை ரெகுலேட்டரை மாட்டி, இரைச்சல் வரும்வரை திருகினார். தீ எழும்பி மேல் அலமாரியை நக்கியது. சிலிண்டரை மூடுவதற்குள் பலகை கருகிவிட்டது. நூர்பானு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

பிச்சை முகம்மது வேனிலேயே உட்கார்ந்து கடை அடுப்பை நினைத்தார். அந்த இரைச்சலுக்குள் பேச்சு எடுபடாது. இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு தட்டு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மாவு தீர்ந்தது. அவர்கள் குடும்பம் நடத்தியதே பாதி சைகையில்தான்.

பிறகு அடுப்பின் பின்பக்கத்துப் பிசுக்கைத் துடைத்தார். 30 மில்லிபார் என்றிருந்தது. கேஸ் மெக்கானிக் சங்கிலிப்பாண்டிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அது வீட்டு அடுப்போட பிரஷர். கடை ரெகுலேட்டர் எம்புட்டோ மடங்கு தள்ளும். ஒங்க அடுப்பங்கரையில மாட்டியிருக்குல்ல, அதுதான் இதுக்குச் சேரும்."

அடுப்பங்கரை வாசலில் போய்த் தயங்கி நின்று ரெகுலேட்டரைக் கேட்டார். சோறு வேகட்டும் என்றார் நூர்பானு. வெந்ததும் ரெகுலேட்டரைத் தானே கழற்றி எடுத்துவந்தார். பிச்சை முகம்மது புது டியூப் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, எங்கும் கசிந்து குமிழி வரவில்லை என்று இருவரும் பார்த்த பிறகே தீக்குச்சி கிழித்தார்.

நீலமாகச் சின்னத் தீ. சத்தமே இல்லை. அவருக்கு ஏனோ வெறிச்சென்றிருந்தது.

"பானு, எரியுதா?"

"எரியுது. ஏன் கத்துதீய? பக்கத்துலதான இருக்கேன்."

டீ குடித்துவிட்டு நூர்பானு மாற்றுத்துணிப் பையை எடுத்துவந்து வீட்டைப் பூட்டினார். ரெகுலேட்டர் வேனில் இருந்தது. வீட்டு அடுப்பில் இனி சமைக்க வழியில்லை.