மூன்று வருட அனுபவம் கேட்கப்பட்ட கையுறை

பூங்கொடி மேடம் இறந்துவிட்டார் என்று அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் போனில் சொன்னபோது, நான் துணி வெட்டும் மேசையருகே நின்றிருந்தேன். மேடம் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டேன். அவரை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

அந்த மருத்துவமனைக்குப் பொருட்கள் வாங்கும் பிரிவின் அலுவலர் அவர். நான் மங்கலம் சாலையில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். தீக்காயம் ஆறியவர்களின் தழும்பை அழுத்திப் பிடிக்கும் கையுறை அங்கே வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. நம் வெயில் தாங்காமல் நோயாளிகள் அதைக் கழற்றிவிடுவார்கள். விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். நான் மெல்லிய பின்னல் துணியில் ஒன்று தைத்துக் கொண்டுபோனேன். ஆனால் அரசுக்கு ஏற்கெனவே மூன்று வருடம் விற்றவரிடம்தான் வாங்க வேண்டும் என்றிருந்தது விதி.

"இப்பத்தானே மேடம் தச்சிருக்கேன். மூணு வருஷத்துக்கு நான் எங்க போவேன்?"

"நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க ஜெபா. நான் போய் அந்த விதிய முழுசாப் படிச்சுட்டு வாரேன்."

படித்தார். புதிய பொருளுக்கு முறையான பரிசோதனை முடிவு இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் பரிசோதிக்கப் போதுமான நோயாளிகள் இங்கே இல்லை. இலங்கையில் ஓர் அரசு மருத்துவமனைக்கும் இதே தொல்லை என்று கேள்விப்பட்டு, கூட்டாகப் பரிசோதிக்க மேலிடத்துக்கு எழுதி எழுதி அனுமதி வாங்கினார். இரு மருத்துவமனைகளும் சேர்ந்து, கையுறை என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பட்டியல் எழுதின.

முதல் வீடியோ கூட்டத்தில் அந்தப் பக்கத்து அலுவலர், "வடிவா இருந்து கதைப்பம்" என்றார்; நன்றாக உட்கார்ந்து பேசலாம் என்பது அவர்கள் தமிழ். மேடம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "கதை வேண்டாமுங்க, நெசத்தையே பேசலாமுங்க" என்றார். இரண்டு நாட்டிலும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பரிசோதனையில் என் கையுறை துவைக்கத் துவைக்கத் தளர்ந்தது. நான் குன்றிப்போனேன். அவரோ, "வாங்குனதுக்கப்புறம் தெரிஞ்சாத்தானுங்க குத்தம். இப்பத் தெரிஞ்சது லாபம்" என்றார். நூலை மாற்றினேன். தேறியது.

டெண்டர் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. பல்லடத்துக்காரர் ஒருவர் என்னைவிட நன்றாகத் தைத்திருந்தார். ஆர்டர் அவருக்குப் போனது. ஒரு வாரம் நான் மேடத்தின் போனை எடுக்கவில்லை.

எட்டாம் நாள் கையில் தீக்காயத் தழும்புள்ள ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டார். அந்தப் பெண் பல்லடத்துக் கையுறையோடு, என் மேசையிலிருந்த சட்டைக்கு ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக் காட்டினாள்.

"கதவத் தொறந்தது உங்களுக்காக இல்லீங்க ஜெபா, இந்தக் கைக்காக. கோவமிருந்தா டீயாச்சும் குடுத்துட்டுக் கோவிச்சுக்குங்க."

டீ போட்டேன். அடுத்த டெண்டரை இலங்கை மருத்துவமனை விட்டது. அது எனக்குக் கிடைத்தது. செய்தி கேட்டு என்னைவிட அதிகம் குதித்தவர் அவர்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று ஒரு பழக்கம் மிஞ்சியிருக்கிறது. ஓர் ஆர்டர் கைநழுவினால் இப்போதெல்லாம் ஜெயித்தவரை அழைத்து, "உங்க சரக்கை ஒருதடவை பார்க்கலாமா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் காட்டுகிறார்கள்.