வெள்ளைக்கால் கோழிகளும் எங்கள் அக்காளும்

முருகப் பெருமான் திருவடியில் இளைப்பாறச் சென்றுவிட்ட எங்கள் அக்காளைப் பற்றி, அவர்கள் கையால் சோறுண்டு வளர்ந்த தம்பி நான் கண்ணீரோடு எழுதுவது.

அக்காள் பிறந்தது கிள்ளானுக்கு அடுத்த ரப்பர்த் தோட்டத்தில். தாய் தந்தையர் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட, எனக்கு அவர்களே தாயானார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த அத்தானைக் கைப்பிடித்துப் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோதும் என்னை விட்டுவிட்டு வரவில்லை.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் அத்தானுக்கு வேலை போயிற்று. "ஊருக்குக் கப்பலேறிடுவோம்" என்று டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டார். அக்காளோ கடலுக்கு அப்பாலிருந்த அந்தத் தமிழ்நாட்டு ஊரைக் கண்ணாலும் கண்டதில்லை. "இந்தக் கோழிங்க விக்குதான்னு பாப்போம். விக்கலேன்னா வரேன்" என்றார்கள்.

கறிக்கு விற்க அக்காள் கொல்லையில் வளர்த்த கோழிகள் அவை. சோளம் வாங்கிப் போட வழியில்லை. அரிசிக்கடையில் சிந்திய நொய்யையும் கொல்லையில் விதைத்த கேழ்வரகையும் வேகவைத்து, தேங்காய்ப் புண்ணாக்கைப் பிசைந்து தீனியாக வைத்தார்கள். கோழிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கால்கள் மட்டும் வெளுத்துப்போயின.

அடுத்த வீட்டுச் சின்னம்மா சிரித்தார். "ஏன்டி, காலுக்கு மஞ்சள் பூசி அனுப்பு. கல்யாணப் பொண்ணுன்னு வாங்கிக்குவான்!"

"சும்மா இருங்க சின்னம்மா. சாமி பாத்துக்கிட்டு இருக்கு."

வழக்கமாய் வாங்கும் சீனக் கடை முதலாளி தவுக்கே ஒரு கோழியைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "தங்கச்சி, இது சாக்கிட் கோழிலா! வேணாம்."

"நோவெல்லாம் இல்ல தவுக்கே. சோளம் தின்னா மஞ்சக்காலு, நொய் தின்னா வெள்ளக்காலு. ஒண்ணக் கொண்டுபோய் ஆக்கித் தின்னு பாருங்க. காசு வேணாம்."

தவுக்கே முனகிக்கொண்டே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அன்று அக்காள் சாமி முன் விளக்கேற்றி வெகுநேரம் எழவில்லை. மறுநாள் வாசலில் சைக்கிள் மணி.

"எங்க அம்மா எலும்பைக்கூட விடலலா! எல்லாத்தையும் பிடி!"

அத்தான் உள்ளே போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார்.

அதன்பின் அத்தானுக்கு வேலை திரும்பக் கிடைத்தும் அக்காள் கோழிகளை விடவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும், "தீனி வெச்சாச்சா தம்பி?" என்றே கேட்டார்கள். தாம் பிறந்த இந்த மண்ணிலேயே கண்மூடினார்கள்.

மருந்து கொடுத்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், கடையைச் சாத்திவிட்டுச் சுடுகாடு வரை நடந்துவந்த தவுக்கேவுக்கும் எங்கள் கைகூப்பு. காரியம் முடியும்வரை எங்கள் அடுப்பு எரியவில்லை. அந்த நாட்களிலும் தம் வீட்டு அடுப்பில் நொய் வேகவைத்து, அக்காளின் கோழிகளை ஒருவேளைகூடப் பட்டினி போடாத சின்னம்மாவுக்கு நான் என்ன சொல்லி நன்றி கூறுவேன்!