வேண்டாம் என்று சொன்ன சாப்பாடு

மேல்காற்று அடித்தால் எங்கள் ஊருக்குத் தனியா வறுபடுகிற வாசனை வரும். உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற சாலையில் மசாலாப் பொடியும் சேமியாவும் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அது வந்த புதிதில், இருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள் என்று டீக்கடையில் அடித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏரியைத் தூர் வாரினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினார்கள். ஏரிக்கரையில் சிமெண்ட் பெஞ்ச் போட்டார்கள். குடிதண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் கம்பெனி பெயரை ஆள் உயரத்துக்கு எழுதினார்கள். எழுதிக்கொள்ளட்டும், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் லாரி ஓட்டியவன். ஊரில் எனக்கு வீடு இருந்தது, பழக்கம் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரிதான் போவாள். லீவில் இருந்தால் நானும் கூடப் போய், சம்பந்தமில்லாதவன் மாதிரி ஓரமாக நிற்பேன். அவள் செத்த பிறகுதான் தெரிந்தது, தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அவளுக்குத்தான் வேண்டியவர்கள். காரியம் முடிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது, என்னிடம் என்ன பேசுவார்கள்? பெண்ணை பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் போன் செய்து, "சாப்ட்டியாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். அதற்குமேல் பேச்சு ஓடாது.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரர்கள், தனியாக இருக்கிற வயசானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் கேண்டீனில் ஆக்கிய அதே சோறு, அதே குழம்பு. மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் மொபெட்டில் கேரியர்களைக் கட்டிக்கொண்டு வருவாள். பக்கத்தில் மாகறல் ஊர்க்காரி, வாய் ஓயாதவள். முதல் நாளே என்னை நைனா என்று கூப்பிட்டுவிட்டாள்.

அந்தச் சாப்பாட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. கேரியரை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. நாம் நம் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, கேரியரை அப்போதே திருப்பித் தந்துவிட வேண்டும். அதுவரை அவள் வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது போதும். சோற்றைத் தனியாக, குழம்பைத் தனியாக, பொரியலைத் தனியாக, உலகத்தில் இல்லாத நிதானத்தோடு கொட்டுவேன். கேண்டீனில் கழுவத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும், கேரியரைத் தேய்த்துக் கழுவுவேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பாள் என் வீட்டுக்காரி. அதனால் கொல்லையில் இருக்கிற முருங்கையில் ஒரு கொத்து ஒடித்து உள்ளே வைப்பேன்.

"இன்னா நைனா, சோத்த ஊத்தறியா, கோயில் கட்டறியா?" என்று கத்துவாள். கத்திவிட்டு, மாமியார் செய்த அநியாயத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சாம்பாரில் உப்பு இருந்ததா இல்லையா என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மாமியாரைப் பற்றிக் கேட்டால் சொல்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கம்பெனி ஆபீசிலிருந்து ஒரு தம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன். நல்ல மரியாதையான பிள்ளை. சாப்பாடு நன்றாக இருக்கிறதா, நேரத்துக்கு வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "இந்தச் சாப்பாடு உங்களுக்கு அவசியம் தேவைப்படுதுங்களா ஐயா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால், முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். பசி உயிர் போனாலும், "இப்பத்தான் ஆச்சி" என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டவர், "அதெல்லாம் கிடையாது, வா, கை கழுவு" என்பார். நாம் மறுபடியும் மறுப்போம். அவர் கையைப் பிடித்து இழுப்பார். அப்புறம்தான் உட்கார வேண்டும். கேட்டதும் உட்கார்ந்துவிட்டால் அவனுக்குப் பெயர் சோத்துக்கு அலைகிறவன். இது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறுகிறவர்கள் யாரும் இல்லை.

நான் சொன்னேன்: "எனுக்கு எதுக்குப்பா? கை காலு நல்லாத்தான கீது. நானே பொங்கித் துன்னுக்குவேன். பாவம், அந்தப் பொண்ணு வெயில்ல அலையுது."

சொல்லிவிட்டு, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஐயா" என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றி ஐயா. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா இன்னும் கஷ்டப்படுறவங்களுக்குக் குடுக்கலாம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போனில் எதையோ தட்டினார். போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தத் தவளை எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மொபெட் சத்தம் கேட்டு, கழுவிய பாத்திரங்களோடு வாசலுக்கு வந்தேன். சத்தம் என் வீட்டைத் தாண்டிப் போனது. திரும்பி வரும்போது அவள் வண்டியை நிறுத்தினாள்.

"நீயே வேணான்ட்டியாமே நைனா? ஆபீஸ்ல சொன்னாங்கோ."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, நமக்கு எதுக்கு?" என்றேன். பாத்திரங்களைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம் நானே பொங்கினேன். சோறு குழைந்தால் கஞ்சி, குழையாவிட்டால் சோறு. அதில் ஒன்றும் குறைந்து போகவில்லை. மத்தியானம்தான் தாங்க முடியவில்லை. அந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போது எழுந்து உள்ளே போய்விடுவேன். முருங்கைக்கீரை முற்றிப் பழுத்து, கொல்லையெல்லாம் கொட்டிக் கிடந்தது. சில நாள் என் குரலை முதன்முதலாகக் கேட்பதே சாயங்காலம், பெண்ணிடம் "ஆச்சும்மா" என்று சொல்லும்போதுதான். எனக்கு அழுகை வந்தது, எதற்கு மறைக்க வேண்டும்?

ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கேட்டுவிடலாம் என்று கம்பெனிக்கே போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்?" என்றான். அந்தத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். சோற்றுக்கு வந்திருக்கிறேன் என்று இவன் முன்னால் எப்படிச் சொல்வது? "சும்மா, ஏரியப் பாக்க வந்தேன்" என்றேன். ஏரி அந்தப் பக்கமே இல்லை. திரும்பி வந்து, ஏரிக்கரையில் கம்பெனி பெயர் போட்ட பெஞ்சில் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தூர் வாரிய ஏரியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கொக்குகள்கூடக் கூட்டமாகத்தான் நின்றன. கம்பெனிமேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவள் மொபெட்டை என் வாசலில் போட்டுவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே ஓடிவந்து நின்றாள். சாப்பாடு கொடுத்து முடித்துவிட்டுத் திரும்புகிறாள், கேரியர்கள் காலியாகக் கலகலத்தன. முந்தானையால் தலையைத் துடைத்தபடி, எல்லாரும் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"சாப்ட்டியா நைனா?"

"ஆச்..." என்று பாதி வந்துவிட்டது. உள்ளே பொங்கி வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. "இன்னும் இல்லம்மா" என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "கேரியர்லாம் காலி நைனா. என் டப்பா ஒண்ணு கீது. புளி சோறுதான். பாதி போடட்டா?"

வேண்டாம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. இவளும் ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிட்டால்? மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

"போடும்மா" என்றேன். உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்தேன்.