அக்காவுக்கு விழுந்த சீட்டு

“ஆண்டவர் சொல்லிட்டார்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், எங்கள் சபையில் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் திறப்பேன். அதனால் எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன், ஓரிடத்தில் தங்காதவன், ஆராதனைக்கு ஒழுங்காக வராதவன் என்று ஏற்கெனவே என்மேல் குறைகள் உண்டு. எல்லாம் உண்மைதான்.

லாரியில் கிளீனராக இருந்தேன். செங்கல் சூளையில் மண் மிதித்தேன். பொம்மையார்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இடையில் வேலை இல்லாத நாட்களில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். பசி பெரிய விஷயம் இல்லை, வந்து போகும். அங்கிருந்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறும்போது, “ஆண்டவரே, கூட வாரும்” என்று மட்டும் சொல்வேன். எந்த பஸ்ஸில் ஏறுவது என்று அவரைக் கேட்டதில்லை. பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்குத் தெரியும். போன இடத்தில் யாராவது ஒருவர், “சாப்ட்டியாப்பா?” என்று கேட்டிருக்கிறார். ஆண்டவர் நடத்துவது என்றால் எனக்கு அவ்வளவுதான்.

எங்கள் சபையில் வழக்கம் வேறு. எதைச் செய்வதானாலும் ஆண்டவருடைய சித்தம் பார்க்க வேண்டும். பாஸ்டரம்மா ஒரு தாளை மூன்றாகக் கிழித்து, ‘ஆம்’, ‘இல்லை’, ‘காத்திரு’ என்று எழுதி மடித்துக் காணிக்கைப் பையில் போடுவார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிப்போம். அவரே கையை விட்டு ஒன்றை எடுப்பார். போர்வெல் எங்கே போடுவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வண்டி வாங்கலாமா, எல்லாவற்றுக்கும் அந்தப் பைதான். ஒருவர் தன் வெள்ளாட்டை விற்கலாமா என்று கேட்டார். ‘காத்திரு’ என்று வந்தது. ஆடு காத்திருக்கவில்லை, கழிச்சல் கண்டு செத்துப்போனது. அதைச் சோதனை என்றார்கள். ‘ஆம்’ வந்து ஆடு விற்றிருந்தால் ஆசீர்வாதம் என்றிருப்பார்கள். எப்படி விழுந்தாலும் பை தோற்காது.

ஆட்டோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அக்கா விஷயத்தில்தான் என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்கா வல்லம் பக்கம் காலனியில் தனியாக இருந்தாள். மாமா கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து இறந்தவர். பிள்ளை இல்லை. களை எடுப்பது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குவது என்று கிடைத்த கூலிக்குப் போவாள். சனிக்கிழமை சபையைக் கூட்டிக் கழுவுவாள். உபவாச ஜெபம் முடிந்து எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சுவாள். எங்கே சுற்றினாலும் நான் கடைசியில் வந்து விழுவது அவள் வீட்டில்தான்.

சபைக்குப் புதிதாகச் சுவர் எழுப்பியபோது பூச்சு வேலைக்கு முகையூர் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். மனைவியை இழந்தவர், வீட்டில் தாயார் மட்டும். அக்காதான் அவருக்கு டீ கொண்டுபோவாள்.

“இன்னா மேஸ்திரி, செவுரு நேரா வருதா?”

“செவுரு நேராத்தான் வருது. உங்க டீதான் கோணலா இருக்குது.”

“சக்கரை விக்கிற வெலைக்கு இதுவே நேருதான். குடிச்சிட்டு வேலயப் பாருங்க.”

மாமா போன பிறகு அக்கா யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சில வாரம் கழித்து மேஸ்திரி என்னிடம் வந்தார்.

“தம்பி, உங்க அக்காவக் கட்டிக்கலாம்னு இருக்கறேன். கேக்கறதுக்கு உங்க வூட்ல பெரியவங்க இல்ல. அதான் உங்கிட்ட கேக்கறேன்.”

“எங்கிட்ட கேட்டா சீக்கிரம் சரின்னுடுவேன். அதயே கேளுங்க.”

அவர் கேட்டார். அக்கா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே அது மூடிக்கொண்டதையும் பார்த்தேன். “பாஸ்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து பை வந்தது. ‘காத்திரு’ என்று விழுந்தது.

மூன்றில் ஒன்றுதான் போகச் சொல்லும் சீட்டு. மற்ற இரண்டும் ஆளை நிறுத்தும். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் முழுசாகப் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் என் கோபம் அதுகூட இல்லை. மேஸ்திரி மாதா கோயில்காரர். அவர் கழுத்தில் ஜெபமாலை கிடக்கும். பூச்சு வேலைக்கு அந்தக் கழுத்து ஆகும், சபைப் பெண்ணைக் கட்ட ஆகாது. பாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை என்பது கூரையில் இருக்கும் பல்லிக்கும் தெரியும். அதை அவர் ஒருமுறையும் வாயால் சொல்லவில்லை.

நான் போய்க் கேட்டேன். “ஐயா, அவுரு மாதா கோயில்காரருன்றதுதானே உங்களுக்குப் பிரச்சன?”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா. ஆண்டவர்தான் காத்திருக்கச் சொல்லியிருக்காரு.”

“நீங்களே வேணான்னு சொல்லியிருந்தா அக்கா உங்ககிட்ட சண்ட போட்டிருக்கும். ஆண்டவர்கிட்ட அது எப்டிங்க சண்ட போடும்?”

“நீ ஜெபிக்கிறியா?” என்றார்.

“பண்றேங்க.”

“இன்னும் ஜெபி.”

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாமா இறந்த அன்று, உடலை வாங்க விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு பொழுதெல்லாம் நின்றவர் அவர் ஒருவர்தான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படிப்பட்டவர் இதைச் செய்ததில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். கெட்டவன் சொன்னால் அக்கா நம்பியிருக்க மாட்டாள்.

பூச்சு வேலை முடிந்து மேஸ்திரி ஊருக்குப் போனார். மல்லாட்டை விதைத்தார்கள், களை எடுத்தார்கள், பிடுங்கவும் பிடுங்கினார்கள். அக்கா காத்திருந்தாள். போனில் பேசுவார்கள். பேச்சு நடுவில் லைன் துண்டித்தால், “பாத்தியாடா, ஆண்டவருக்குப் புடிக்கல போல” என்பாள். எங்கள் காலனியில் டவர் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பஸ் தவறினால் அடையாளம், பால் திரிந்தால் அடையாளம். கணவன் செத்த மறுவாரம் கூலிக்குப் போன பெண், ஒரு துண்டுத் தாளுக்குப் பயந்து பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசுவாசம் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். “சிஸ்டர் எவ்ளோ பொறுமையா காத்துக்கினு இருக்காங்க பாருங்க” என்று சபையில் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்கள் எல்லோரும் அவள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டேதான் புகழ்ந்தார்கள்.

ஐப்பசியில் மேஸ்திரி போன் செய்தார். அவர் தாயார் வேறு பெண் பார்த்துவிட்டார். “எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. இனிமே தள்ள முடியாது. உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடு, நானு கோவிச்சுக்க மாட்டேன். இஷ்டம் இருக்குதான்னு மட்டும் எனக்குத் தெரியணும்” என்றாராம்.

அக்கா நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“ஐயா, எத்தினி நாளு காத்துக்கினு இருக்கணும்?”

“அவர் சொல்ற வரைக்கும்மா.”

“எங்கிட்ட சொல்ல மாட்டாருங்களா?”

பாஸ்டர், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மறுபடியும் சித்தம் பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை பகலில் சபை நிறைந்திருந்தது. சாதாரண உபவாசத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பாஸ்டரம்மா சீட்டுகளைப் போட்டுப் பையைக் குலுக்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அதனால் அக்கா எழுந்ததைப் பார்த்தேன்.

“வேணாங்க பாஸ்டரம்மா” என்றாள்.

“இன்னாம்மா வேணாம்?”

“எடுக்க வேணாம். நானு கேட்டுட்டேன்.”

“எங்க கேட்ட?”

“நேத்து காட்டுல. மல்லாட்டை பொறுக்கிக்கினே கேட்டேன்.”

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். “இன்னாம்மா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலீங்க ஐயா. எனக்குப் பயம் போயிடுச்சு. அதுவே போதும்னு நெனைக்கிறேன். தப்பாப் போனா நானே ஆண்டவருகிட்ட சொல்லி அழுதுக்கறேன்.”

பின்வரிசையில் ஒரு பெண், “அப்போ கஞ்சி?” என்று கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்டாளா, உண்மையிலேயே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அடுப்புல இருக்குது. உப்புப் போட்டாச்சு. எறக்கி ஊத்திக்கங்க” என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே நடந்தாள்.

விழுப்புரத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். தட்டச்சுக்காரர் என் தொழில் என்ன என்று கேட்டார். மேஸ்திரியே முந்திக்கொண்டு, “எங்க வூட்டு மச்சான்னு போட்டுக்கங்க” என்றார். அன்று மதியம் நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரியாணி சாப்பிட்டோம். அக்கா சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபித்தாள். மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார். ஒரே மேசையில் இரண்டும் நடந்தது, இலை கவிழவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, சும்மா சபைக்குப் போனேன். பாஸ்டர் பிரசங்கத்தில் அக்காவைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். நம் சகோதரி ஒருவருக்கு ஆண்டவர் காத்திரு என்றார், அவர் மாதக்கணக்கில் காத்திருந்தார், காத்திருந்ததால் குடும்ப வாழ்வைப் பெற்றார், சீட்டில் விழுந்த வார்த்தை அப்படியே நிறைவேறியது என்றார். சபை அல்லேலூயா சொன்னது.

அவள் பாலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த மாதங்கள் அத்தனையையும் எடுத்துப் பைக்குச் சாட்சியாக்கிவிட்டார். அவள் எழுந்து ‘வேணாம்’ என்று சொன்ன இடம் அந்தச் சாட்சியில் இல்லை. ஆண்டவர்மேல் அவள் வைத்த நம்பிக்கை அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்துக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே அவரைப் பிடித்துக் கேட்டேன். கேட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறி, அங்கிருந்து முகையூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் மாமியாருக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒரு மூச்சில் சொன்னேன்.

“நீ இன்னா கேட்ட அவர?”

“எங்க அக்கா கதையில பாதிய ஏன் முழுங்கிட்டீங்கன்னு கேட்டேன்.”

“அவுரு இன்னா சொன்னாரு?”

“ஜெபிக்கச் சொன்னாரு.”

அக்கா சிரித்ததில் கரண்டி கைநழுவியது. உள்ளே படுத்திருந்த மாமியார், “இன்னாடி அங்க?” என்று குரல் கொடுத்தார்.

“ஒண்ணுமில்ல அத்த, தம்பி வந்திருக்குது, பேஜாருல இருக்குது” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஜெபியேன்டா. பாஸ்டர் ஐயாவுக்காவும் சேத்து ஜெபி.”

“கோவமா வருது அக்கா.”

“கோவமாவே ஜெபி. ஆண்டவரு கேக்க மாட்டாரா?”

எனக்கும் ஒரு சொம்பில் கூழ் ஊற்றி வைத்தாள். கோபமாகவே ஜெபித்துவிட்டுக் குடித்தேன்.