புகார் அல்ல, யோசனை

கடையிலிருந்து எந்தப் பாக்கெட் வாங்கி வந்தாலும் வசந்தகுமாரி அதன் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டாள். பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் கவர் அச்சடிக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அவளுக்குச் செக்கர் வேலை. ஓடுகிற ரோலில் நிறம் வழிந்திருக்கிறதா, எழுத்து நகர்ந்திருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணை வீட்டுக்கு வந்தால் மூடி வைக்க முடியவில்லை.

ஷாம்பு பாக்கெட்டை ஈரக் கையால் கிழிக்க முடியவில்லை, ஓரத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக விடுங்கள் என்பாள். கொசுவத்திச் சுருள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன, பிரிக்கும்போது உடைகின்றன, எங்கே பிடித்துப் பிரிப்பது என்று ஒரு மஞ்சள் புள்ளி வைத்தால் போதும் என்பாள். போனின் அந்தப் பக்கம் இருக்கும் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம் மேடம்" என்பாள்.

"புகார் இல்லமா, யோசனை" என்று இவள் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டிருக்கும். பத்து நாளில் கூரியரில் ஒரு ஷாம்பு அட்டையும் மன்னிப்புக் கடிதமும் வந்து சேரும்.

கோவில்பதாகையில் அவர்கள் தெருவில் அவளுக்கு 'ஓசி பாக்கெட்' என்று பெயர். "இன்னா வசந்தா, இந்த வாரம் எந்தக் கம்பெனிய மெரட்ன?" என்று மளிகைக்கடை பொன்னியம்மாவே கேட்பாள். வசந்தகுமாரி சிரித்துவிடுவாள். ஆனால் வந்த ஷாம்பு அட்டையைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

அவள் மகள் ஜோதிகாவுக்குத்தான் இது பெரிய கூச்சம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அவளும் கம்பெனிகளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இருநூறு விண்ணப்பமாவது அனுப்பியிருப்பாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மாவுக்காவது ஷாம்பு வருகிறது என்று சில நாள் தோன்றும். தன் விண்ணப்பங்களில் எந்த வரியும் தன்னுடையதில்லை, எல்லாமே இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியவை என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா பேசும் வரிகளை எங்கிருந்தும் எடுக்க முடியாது. அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வசந்தகுமாரி இட்லி மாவுப் பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஜோ, இத்த பாரேன். மாவு பொங்கச்சொல்ல பாக்கெட்டு உப்புது. உப்பச்சொல்ல சைடு மடிப்பு தானா பிரியுது. பாத்தியா?"

"அதுக்கு இன்னாம்மா இப்போ?"

"மடிப்புக்குள்ள எழுத்து போடணும்டி. வெளிய 'இட்லி'னு இருக்கட்டும். கொஞ்சம் உப்புச்சுனா உள்ளேர்ந்து 'தோசை'னு தெரியணும். நல்லா உப்புச்சுனா 'ஊத்தப்பம்'. தேதிய எவ பாக்குறா? ஷிப்டு முட்சிட்டு ஏழு மணிக்கு கடைல நிக்கிறவளுக்கு கண்ணே தெரியாது. புதுசா எதுவும் வாங்க வாணாம். கவர்ல எழுத்து அடிக்கிற சிலிண்டர் உருளை தேஞ்சு மாத்தச்சொல்ல, புது உருளைல இந்த எழுத்தையும் சேத்து வெட்டிட்டா ஆச்சு."

ஜோதிகா அப்போது ஒரு வேலைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அம்மா நச்சரிக்கவே, மாவு கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். யோசனை சொல்ல அங்கே இடமே இல்லை. எடை குறைவு, கவர் கிழிசல், மாவு கெட்டுப்போனது என்று மூன்று கட்டங்கள்தான். ஏதாவது ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகாது. அவள் மூன்றாவதைத் தொட்டாள். கீழே 'மடிப்பில் எழுத்து வேண்டும்' என்று ஒரு வரி தட்டி, அம்மா பெயர், வீட்டு முகவரி, தன் மெயில், கடையின் பெயர் எல்லாம் போட்டு அனுப்பிவிட்டாள்.

"போட்டுட்டியா?"

"போட்டாச்சும்மா."

நான்காம் நாள் அமல்ராஜ் வந்தான். மாவு கம்பெனிக்காக ஆவடிப் பக்கத்துக் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். கையில் இரண்டு மாவுப் பாக்கெட்டும் ஒரு தாளும் இருந்தன.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இத்த வச்சிக்கினு இங்க ஒரு கையெழுத்து போடுங்க. நீங்க குட்த்த புகார முட்சாத்தான் மேல கீறவங்க என்னிய விடுவாங்கோ. அந்தக் கடைக்கு மாவு நிறுத்தியாச்சு. ஃபிரிட்ஜ் சரியில்லனு எழுதிட்டாங்கோ."

வசந்தகுமாரிக்குப் புரியவில்லை. "எந்தக் கட?"

"பொன்னியம்மா கட. மாவு கெட்டுப்போச்சுனு நீங்கதானக்கா போட்டீங்க?"

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஜோதிகா தரையைப் பார்த்தாள்.

வசந்தகுமாரி கத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. "பதினெட்டு வருசத்துல, நல்லா வந்த ரோல கெட்டதுனு ஒரு நாளும் நான் எழுதுனதில்ல ஜோ."

அம்மா அடித்திருந்தால்கூட ஜோதிகாவுக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும். கட்டம் இல்லை, நேரம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கட்டம் இல்லாதது உண்மைதான். ஆனால் அம்மா சொன்னதை ஒரு நாளாவது நாம் முழுதாகக் காதில் வாங்கியிருக்கிறோமா?

"சார், நான்தான் தப்பா போட்டேன். மாவு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "எங்கம்மா சொன்னது வேற."

"வேறனா இன்னாமா?"

அமல்ராஜ் கொண்டுவந்த பாக்கெட் ஒன்றை ஜோதிகா எடுத்து, பக்கவாட்டு மடிப்பை விரலால் பிரித்துக் காட்டினாள். பால்பாயிண்ட் பேனாவால் வெளியே 'இட்லி' என்று எழுதினாள், மடிப்புக்குள் 'தோசை' என்று எழுதினாள். அதற்கும் உள்ளே எழுதப் பேனா நுழையவில்லை. வசந்தகுமாரி வந்து பாக்கெட்டின் அடியை அழுத்திப் பிடித்தாள். மடிப்பு விரிந்தது. மகள் 'ஊத்தப்பம்' எழுதினாள். பிறகு அம்மா கையை எடுத்ததும் இரண்டு சொற்களும் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன. எழுதி முடித்த பிறகுதான் அது எவ்வளவு அழகான காரியம் என்று ஜோதிகாவுக்கு உறைத்தது.

அமல்ராஜ் பாக்கெட்டை வாங்கி அமுக்கினான், விட்டான், மறுபடி அமுக்கினான். "டெய்லி நானூறு பாக்கெட்ட இந்தக் கையாலதான் எட்த்து வைக்கிறேன். இந்த மடிப்ப நான் பாத்ததே இல்லக்கா" என்றான். பிறகு போனை எடுத்தான். "நீங்களே சொல்லுங்க. வீடியோ எட்த்து மேல அனுப்புறேன்."

"அய்ய, நைட்டில கீறேன் தம்பி."

"மேல ஒரு துண்டு போட்டுக்கோம்மா" என்றாள் ஜோதிகா.

துண்டைப் போட்டுக்கொண்டு வசந்தகுமாரி ஒன்றரை நிமிஷம் பேசினாள். சிலிண்டர் விஷயத்தையும் விடவில்லை. கடைசியில் கேமராவைப் பார்த்து, "பொன்னியம்மா கடை ஃபிரிட்ஜு நல்லா ஜில்லுனு கீது" என்றாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே பொன்னியம்மா கடைக்குப் போய், நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னாள். "இன்னா வசந்தா, கடைசில என்னியே மெரட்டிட்டியா?" என்றாள் பொன்னியம்மா. மறுநாள் காலையில் கடைக்கு மாவு வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஜோதிகாவின் மெயிலுக்கு மாவு கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில் நாலு வரி. படித்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லாமல் அழித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தனக்கு ஏமாற்றம் பழகிப்போயிற்று, ஆனால் அம்மா எப்படித் தாங்குவாள்? இன்னொரு முறை அவள் விஷயத்தில் பொய்யாக எதையும் செய்ய மனம் வரவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, தமிழில் சொன்னாள்.

"'தங்கள் யோசனைக்கு நன்றி. நாங்கள் கேட்காமல் வெளியாட்கள் அனுப்பும் யோசனைகளை எங்கள் நிறுவனம் ஏற்பதில்லை. அது எங்கள் விதி. தொடர்ந்து ஆதரவு தரவும்.' அவ்ளோதாம்மா."

வசந்தகுமாரி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். "மொத வரிய இன்னொரு தபா சொல்லு."

"'தங்கள் யோசனைக்கு நன்றி.'"

"புகார்னு எங்கனா போட்டுகீதா?"

"இல்லம்மா."

"நல்லா பாரு."

"இல்லம்மா, எங்கயுமே இல்ல. ஆனா வேணாம்னுதான சொல்றாங்க?"

"வாணாம்னா போறான். யோசனைனு ஒத்துக்கினான் இல்ல?" முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு. "அந்த எழுத்து எங்க கீது, காட்டு."

ஜோதிகா அந்த இங்கிலீஷ் சொல்லைத் தொட்டுக் காட்டினாள். வசந்தகுமாரி அதன் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தாள். விரல் நகராமல் போனைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதையும் மறந்து பொன்னியம்மா கடையை நோக்கி நடந்தாள்.