போகியில் எரிந்த பாடக்குறிப்பு

எழுபத்திரண்டாம் ஆண்டுப் பொங்கல் விடுமுறைக்கு ஆரம்பாக்கத்தில் அண்ணன் குடியிருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டுக் காகிதத்துடன் போனேன். கல்லூரியில் வரலாறு எழுதும் முறையைச் சொல்லும் வரலாற்றியல் என்ற பாடத்தைப் புதிதாக வைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்து நடக்கும் முதல் வகுப்பில் முதல்வரே வந்து உட்காருவார். அதைப் பொறுத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். மார்கழி முழுக்க எழுதிய குறிப்புகள் அவை. சிக்கனத்துக்காக, திருத்திய பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன்.

போகியன்று நான் எழுவதற்குள் அண்ணன் அந்தக் கட்டை நெருப்பில் போட்டுவிட்டார்.

"செவப்பு மையில மார்க் போட்டிருந்துச்சு. பழசுன்னு நெனச்சேன்" என்றார். "லீவுக்கு வந்தவன் இன்னாத்துக்குடா பேப்பரக் கட்டிக்கினு அழற? மண்டையில கீதில்ல, திருப்பி எழுது."

அண்ணி வாயைப் பொத்திச் சிரித்தார்.

மாட்டுப் பொங்கலன்று அண்ணனின் மாமனார் பெரியபாளையத்திலிருந்து வந்தார். சாப்பிடும்போது அண்ணன் வழக்கமான கதையைத் தொடங்கினார். சோழவரம் கார் பந்தயத்தில் நின்றுபோன வண்டியை அவர் ஒற்றை ஆளாகத் தள்ளிவிட்டாராம்.

"எந்த வருஷம்ணே?"

"நீ காலேஜ்ல படிக்கச் சேந்த வருஷம். மாசி மாசம்."

"நல்லா ஞாபகம் இருக்குதா?"

"மறப்பனாடா? கைல கிரீஸ் போவ ரெண்டு நாளாச்சு."

எழுந்து போய், பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த வருடத்து டைரியை எடுத்துவந்து, மாமனாருக்குக் கேட்கும்படி நிதானமாகப் படித்தேன். 'அண்ணனுக்கு இன்னும் அம்மை இறங்கவில்லை. வேப்பிலையில் படுத்திருக்கிறார். வீட்டில் சொல்லாமல் நான் மட்டும் பந்தயம் பார்த்து வந்தேன். நின்றுபோன வண்டியை நாலு பேர் தள்ளினார்கள். அண்ணனிடம் சொன்னேன். ஆசையாகக் கேட்டார்.'

மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப ரேஸுக்குப் போயி வண்டி தள்ளுனது ஆத்தாளா மாப்ள?"

அண்ணி இந்தமுறை வாயைப் பொத்தவில்லை. அண்ணன் பாதி இலையில் எழுந்து போனார். நான் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எரிந்த குறிப்புகளை நான் திருப்பி எழுதவில்லை. முதல்வர் உட்கார்ந்திருந்த வகுப்பில் இதையே பாடமாக நடத்தினேன்: வாய்மொழி எப்படிப் பலூன்போல ஊதிப் பெருகும், அன்றன்றே எழுதிய சான்று அதை எப்படிக் குத்திவிடும். 'ஓர் ஊரில் ஒருவர்' என்றுதான் சொன்னேன். பங்குனியில் வேலை நிரந்தரமானது.

ஆண்டுதோறும் அதுவே முதல் பாடம். பதினாறாம் ஆண்டு அண்ணன் மகனே அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தான். வேறு உதாரணம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

அன்றுதான் ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.